மேட்டூர் அணையில் மீன் பிடிக்கும் சொந்தங்களுக்கு: ஃபைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலத்துக்கு வெளியே ஒரு ஷெட்டில் செய்து வாங்கிய 16 அடி ஃபைபர் படகு, தண்ணீரில் இறக்கி எழுபது நாள் ஆவதற்குள் என்னையும் என் மச்சானையும் அணைத் தண்ணீரில் தள்ளிவிட்டு மூழ்கியது. விலை 68,000 ரூபாய். அதில் 40,000 வீட்டம்மாவின் நகையை அடகு வைத்த பணம். புகார் விசாரணையில் இருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் என்னென்ன செய்து ஏமாற்றினார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். பரிசலை விட்டுவிட்டு ஃபைபர் படகுக்கு மாறலாமா என்று நம் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. ஊர் அணைக்கரையில் பண்ணவாடிப் பக்கம். இதுவரை நான்கு படகு கண்டவன். முதல் மூன்றைப் பற்றியும் சொன்னால்தான் நான்காவதில் எங்கே கோட்டை விட்டேன் என்பது புரியும்.

முதலாவது அப்பாவின் மூங்கில் பரிசல். தாத்தா காலத்தில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். நான் பார்த்தது பிளாஸ்டிக் சாக்கும் தாரும்தான். மூங்கிலைப் பிளாச்சுகளாக வகிர்ந்து, பெரிய கூடை போலப் பின்னி, விளிம்பை இறுக்கிக் கட்டுவார்கள். அப்புறம் அடியில் சாக்கை இழுத்துத் தைத்து, தாரை உருக்கிப் பூசுவார்கள். பின்னுகிற நாளில் அப்பா வலைக்குப் போகமாட்டார். பின்னுபவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பிளாச்சையும் வளைத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். இளமூங்கில் சீக்கிரம் உளுத்துவிடும் என்பதால் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார். அந்தப் பரிசலில் மறைக்க இடமே கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்தால் மொத்தப் பின்னலும் தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒருமுறை காற்றில் அலை ஏறி அந்தப் பரிசல் விளிம்புவரை நிறைந்துவிட்டது. ஆனாலும் மூழ்கவில்லை. மூங்கில் ஆயிற்றே, தண்ணீர் மட்டத்திலேயே நின்றது. ஒரு கையால் அதையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு அப்பா கரை சேர்த்தார். நிறைந்த படகும் மிதக்கும் என்பது அன்றிலிருந்து என் மனதில் பதிந்துவிட்டது.

இரண்டாவது, கல்யாணம் ஆனபின் நானே பின்னச் சொல்லி வாங்கியது. அப்பாவுடையதைப் போலவே இருந்தது, அதே தொல்லைகளும் இருந்தன. அணைக்குள் பழைய மரக்கட்டைகள் நிறைய இருக்கின்றன, மாதம் ஒருமுறையாவது சாக்கு கிழியும். வருடா வருடம் தார் பூச வேண்டும். மூன்றாம் வருடம் மூங்கில் விட்டுப்போனது.

மூன்றாவது ஃபைபர் பரிசல், 2014-ல் வாங்கினேன். தார் வேலை இல்லை, கிழிசல் இல்லை, தனி ஆளாகப் புரட்டிவிடலாம். பத்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. இன்றும் அதில்தான் வலைக்குப் போகிறேன். ஒரே குறை, தண்ணீர் நிறைந்தால் ஃபைபர் மூழ்கும். அதனால் 20 லிட்டர் காலி கேன் இரண்டை உள்ளே கட்டி வைத்திருக்கிறேன். 2017 வறட்சியில் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது பாறையில் இடித்து அடியில் விரிசல் விட்டது. சேலத்தில் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் (அதை ஒட்டி இறுக்கும் பிசின்) வாங்கி வந்து நானே ஒட்டினேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு சுற்று போட்டால் சுமார் 1 மில்லிமீட்டர் கனம் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இவ்வளவு தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் மனதை அறுக்கிறது.

பரிசல் காற்றில் சுழலும். ஆடியில் ஒற்றைத் துடுப்பால் அதை நேராகக் கொண்டுபோக இளவயதில் முடிந்தது, இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. நீளப் படகாக இருந்தால் இரண்டு துடுப்பு போடலாம், பின்னால் சின்ன மோட்டாரும் மாட்டலாம் என்று நினைத்தேன். விசாரித்தபோது இந்த ஷெட்டைக் காட்டினார்கள்.

ஷெட்காரர் நன்றாகப் பேசினார். "அண்ணா, அடி 6 எம்எம், சைடு 5 எம்எம் வரும். அடிக்கு ஆறு மேட் போடுறோம். சீட்டுக்கு அடியில எல்லாம் ஃபோம் அடைச்சிருவோம், படகு நெறைஞ்சாலும் முழுகாதுங்க. பின்பலகை மரைன் பிளை" என்றார். மரைன் பிளை என்றால் தண்ணீரைத் தாங்கும் பிளைவுட். எல்லாம் வாய்ப்பேச்சு. கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் 'படகு 1, ரூ. 68,000' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, அது போட்டால் விலை ஏறும் என்றார். விட்டுவிட்டேன். மேட் போடுகிற அன்று வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டேன். "ரெசின் வாசம் தலைவலிக்கும்ணா, முடிஞ்சதும் நானே போன் பண்றேன்" என்றார். அதையும் விட்டுவிட்டேன். பின்னுபவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்த மனிதரின் மகன் நான். அன்றைக்கு ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

2024 ஜூன் முதல் வாரம் படகு வந்தது. அப்போது அணையில் தண்ணீர் மிகவும் இறங்கிக் கிடந்தது, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசாக வெளியே நின்றது. வண்டியிலிருந்து இறக்கி, சேற்றில் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதை நான்கு பேர் லேசாக இழுத்துவிட்டோம். எல்லோருக்கும் சந்தோஷம். எடை ஏன் இவ்வளவு குறைவு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மேலே பூசிய நீலக் கலர் ஜெல்கோட் கண்ணாடி போல மின்னியது. அதில் மயங்கிவிட்டோம்.

நடுவில் நின்றால் அடி அமுங்கி எழுந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். ஜூலையில் மோட்டாருக்குக் கிளாம்ப் மாட்டப் பின்பலகையில் துளை போட்டபோது மரத்தூள் கறுப்பாக, ஈரமாக வந்தது. போன் செய்தேன். "மழையில நனைஞ்சிருக்கும்ணா, காய்ஞ்சா சரியாயிரும்" என்றார். நான்கு பக்கமும் ஃபைபர் போர்த்திய பலகைக்குள் மழை எப்படிப் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஜூலை 30-ஆம் தேதி அணை 120 அடி நிறைந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை, வலையை எடுத்துக்கொண்டிருந்தோம். காற்று திடீரென்று திரும்பியது, பக்கவாட்டில் இரண்டு அலை ஏறியது. கரை இருநூறு அடிதான் இருக்கும். படகு நிறைந்தது. நிறைந்தாலும் மிதக்கும் என்ற நம்பிக்கையில் விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மச்சானிடம் கத்தினேன். அவர் பிடித்த விளிம்பு அவர் கையோடு கீழே போனது. வலை அவர் காலில் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் பரிசலில் இருந்த மாமா ஒருவர் வந்து கத்தியால் வலையை அறுத்து இருவரையும் இழுத்துப் போட்டார். அவருடையது பழைய மூங்கில் பரிசல். அந்த நாளை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. மச்சானுக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.

வலைக்கயிறு படகில் சிக்கியிருந்ததால் மிதவையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து நாலு நாளில் மேலே எடுத்துவிட்டோம். காயவைத்து அறுத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது.

முதலில் சீட்டு. ஃபோம் இருக்கவேண்டிய இடம் வெறும் பொந்தாக இருந்தது. ஓரங்களில் மட்டும் வெள்ளையாக ஏதோ தோல் போல ஒட்டியிருந்தது. தெர்மாகோல். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அப்படித்தான். ஃபைபர் வேலை செய்பவர் எவருக்கும் இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே அதை வைத்து, மேலே மேட் ஒட்டி மூடியிருக்கிறார்கள். பொந்தாக இருந்தாலும் காற்றுப் புகாமல் மூடியிருந்தால் மிதந்திருக்கும். சீட்டு ஓரம் பட்டியால் பூசியது, வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

எவ்வளவு சின்னச் செலவை மிச்சம் பிடித்து இதைச் செய்தார்கள் என்று பாருங்கள். ஃபைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குதான் கனம். 120 கிலோ படகு தண்ணீருக்குள் போனால் சுமார் 40 கிலோதான் கீழே இழுக்கும். தண்ணீர் குடிக்காத நல்ல பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் ஒரு கன அடி சுமார் 27 கிலோவைத் தூக்கும். இரண்டு கன அடி இருந்தால் வெறும் படகு மிதக்கும். மோட்டாருக்கும், ஆள் பிடித்துக்கொள்வதற்கும் சேர்த்து ஐந்து கன அடி போதும். மொத்தமே ஒரு டிரங்குப் பெட்டி அளவு. இரண்டு உயிரைவிட அது அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது.

அடுத்து கனம். அடியில் ஒரு துண்டை அறுத்து அளந்தால் 4 மில்லிமீட்டர். சரி, ஆறு இல்லாவிட்டாலும் நாலாவது இருக்கிறதே என்று நினைத்தேன். ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர், அதை அடுப்பில் போட்டு எரித்துப் பார்க்கச் சொன்னார். ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி நார் எரியாது, மேட்டை ஏடு ஏடாக உரித்து எண்ணிவிடலாம். எண்ணினேன். இரண்டே மேட். நடுவில் வெள்ளைப் பொடி கொட்டியது. எலுமிச்சை பிழிந்தால் நுரைத்தது. ரெசினில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்து பட்டியாகத் தடவிக் கனம் காட்டியிருக்கிறார்கள். படகு முழுவதையும் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்தோம், 71 கிலோ. பேசிய கனத்துக்கு நூறுக்கு மேல் வந்திருக்க வேண்டும்.

பின்பலகையைச் சொல்லவே வேண்டாம். கையால் பிய்த்தால் ஏடு ஏடாக வந்தது. மரைன் பிளைக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கும். இதில் எந்த முத்திரையும் இல்லை. சாதாரணப் பிளை.

ஷெட்டுக்குப் போய்க் கேட்டோம். "அலையில போனா எந்தப் படகும் முழுகத்தான் செய்யும்" என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று மிரட்டுவார்கள், என்னையும் மிரட்டினார்கள். 2019-ஆம் வருடச் சட்டத்தில், தன் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியவன் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். என் மனுவில் பலவீனம் பில் இல்லாததுதான். 40,000 ஜிபேயில் போட்டதால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 28,000 என் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஆர்டர் கொடுக்கிறவர்கள், எத்தனை மேட், எத்தனை கிராம் மேட், என்ன ஃபோம், என்ன பிளை என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மேட் போடுகிற அன்று வேலையைக் கெடுத்துக்கொண்டாவது போய் நில்லுங்கள். வரவேண்டாம் என்று சொல்கிற ஷெட்டில் வாங்காதீர்கள். சீட்டை மூடும் முன் ஃபோமைக் கையால் தொட்டுப் பாருங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை போட்டு வாங்குங்கள். வந்தவுடன் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகை நிறைத்துப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள், ஒரு நாணயத்தால் அடியெங்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், பட்டியும் பிரிந்த ஏடும் உள்ள இடம் தொத்தென்று கேட்கும். சீட்டுக்கு அடியில் சந்தேகம் இருந்தால் அதை அறுத்துப் பார்க்கும்வரை படகையும் மோட்டாரையும் தாங்கும் அளவுக்குக் காலி கேன்களைக் கட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

அந்த நீலப் படகு பண்ணவாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. எரித்த துண்டும், பின்பலகையின் ஏடும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். படகு வாங்க நினைக்கிறவர்கள் பரிசல் துறையில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். வந்து தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சேலத்துக்குப் போங்கள்.