மூடிய குடுவையில் கூடும் அழுத்தம்: உதகையில் எந்தக் கணக்கு நிற்கும்?

சமையல் சோடாவையும் வினிகரையும் மூடிய குடுவைக்குள் சேர்த்தால் அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதை மூன்று வழிகளில் கணக்கிடலாம்: ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்ற குறுக்குவழி, வேறுபாட்டு முறை, விகித முறை. மூன்றுக்கும் தாய் ஒன்றே: வாயுவின் அழுத்தம், கனஅளவு, மோல் எண்ணிக்கை, வெப்பநிலை ஆகியவற்றை இணைக்கும் நல்லியல்பு வாயுச் சமன்பாடு. சென்னையில் எந்த வழியில் போனாலும் பெரிய சேதம் இல்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவிலேயே நிற்கும் உதகையில் அப்படிச் சொல்ல முடியாது.

கணக்கை எளிமையாக வைத்துக்கொள்வோம். சோடா 0.84 கிராம், அதாவது 0.01 மோல், அது முழுவதும் வினைபுரியத் தேவையானதைவிடக் கூடுதலாக 50 மி.லி. வினிகர், அதற்கு மேலே 1 லிட்டர் காற்றிடம், அறை வெப்பநிலை 15 பாகை, அதாவது 288 கெல்வின். வெளிவருவது 0.01 மோல் கார்பன் டை ஆக்சைடு.

குறுக்குவழி இந்த வாயுவை 224 மி.லி. என்கிறது. அது 0 பாகையிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டுமே உண்மை. உதகையின் அழுத்தத்தில், 15 பாகையில், ஒரு மோல் வாயு சுமார் 31 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அதே வாயுவைப் பலூனில் பிடித்தால் 311 மி.லி. இருக்கும். போதாக்குறைக்கு, 1982-இல் திட்ட அழுத்தம் 1 பார் என மாற்றப்பட்ட பிறகு அந்த எண்ணே 22.7 ஆகிவிட்டது. மனப்பாடத்துக்கு வசதியானது என்பதைத் தவிர, மலையில் இதை வைத்திருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வேறுபாட்டு முறை ஏற்கெனவே உள்ளே இருக்கும் காற்றைக் கண்டுகொள்வதே இல்லை. புதிதாக வந்த மோல்களை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கிக் கனஅளவால் வகுத்தால் போதும்: 0.01 × 8.314 × 288 ÷ 0.001, அதாவது சுமார் 23.9 கிலோபாஸ்கல் உயர்வு. குடுவையின் மொத்த அழுத்தம் இப்போது 101-ஐத் தொடுகிறது. சென்னையில் திறந்த வெளியில் இருப்பதும் அதுவே. ஆயினும் அடைப்பானைத் தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடுதான். 2 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் அடைப்பான் மீது அது முக்கால் கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். இறுக்கிச் செருகாவிட்டால் அது தெறிக்கும். சாதாரண அழுத்தமானியும் இந்த வேறுபாட்டையே காட்டுவதால், பாடநூலைப் பார்த்துத் தொடக்க அழுத்தத்தை 101 என்று எழுதிய மாணவருக்குக்கூட உயர்வு சரியாகவே வரும், மொத்தம் மட்டுமே பிழையாகும்.

அளந்து பார்த்தால் 23.9 கிடைக்காது. குளிர்ந்த நீர் கார்பன் டை ஆக்சைடை நன்றாகக் கரைக்கும். 15 பாகையில் நீர் ஏறத்தாழ தன் பருமனளவு வாயுவை ஏற்றுக்கொள்வதால், 50 மி.லி. திரவம் ஏறக்குறைய 5 விழுக்காட்டை விழுங்கிவிட, உயர்வு 22.8-க்கு அருகில் நிற்கும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் குடுவை சற்றுக் குளிரும் என்பதையும் மறக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்குத் திரும்பிய பின்பே அளக்க வேண்டும்.

மோல்களோ வெப்பநிலையோ எந்த விகிதத்தில் மாறுகிறதோ அதே விகிதத்தால் மொத்த அழுத்தத்தைப் பெருக்கும் விகித முறைக்கு உரிய இடம் வேறு. வெற்றிடமாக்கிய கலனில் அம்மோனியாவை மட்டும் அடைத்து, அது முழுவதும் நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைந்தால், 2 மோல் 4 மோலாகிறது. வெப்பநிலையும் கனஅளவும் மாறாதவரை அழுத்தம் இரட்டிக்கும். இங்கே மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

ஆனால் நம் சோடாக் குடுவையை வெந்நீரில் வைத்து 35 பாகைக்குக் கொண்டுபோனால் வேறுபாட்டு முறை தடுமாறுகிறது. புதிய வாயுவுக்கு 25.6 என்று அது சொல்லும்; உள்ளே இருந்த காற்றும் சூடாகி 77-லிருந்து 82-க்கு மேல் ஏறியிருப்பதை அது அறியாது. கரைவதையும் நீராவியையும் ஒதுக்கிவைத்து, 101-ஐ 308/288 என்ற விகிதத்தால் பெருக்கினால் மொத்தம் 108 வரும், அழுத்தமானியில் 31 தெரியும். இந்தக் கணக்குக்கு மட்டும் ஊரின் காற்றழுத்தம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.