ஓப்மேனேஜர் பிளஸ் முழு பண்டிலா, வேண்டிய மாட்யூல் மட்டுமா?

கோவையில் தலைமை அலுவலகம், பல்லடம், உடுமலை, வேடசந்தூரில் நூற்பாலைகள். இந்த நான்கு இடத்து நெட்வொர்க்கையும் நானும் ஒரு தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். நான்கு வருடமாக ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் ஓடியது. இலவசம், உறுதியானது, அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அதை வளர்த்து வைத்திருந்தது நான் ஒருவன்தான். நான் ஊருக்குப் போனால் ஒரு ட்ரிக்கரை (எச்சரிக்கை விதியை) மாற்றக்கூட ஆள் இல்லை. இந்த வருடம் நிர்வாகம் பணம் ஒதுக்கியதும் மேனேஜ்எஞ்சின் நிறுவனத்தின் ஓப்மேனேஜரை எடுப்பது என்று முடிவானது. சோஹோவின் பிரிவு அது, சென்னையில் உருவானது. தம்பி தமிழிலேயே பேசிச் சந்தேகம் கேட்கலாம் என்பதும் ஒரு காரணம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வந்தது. ஓப்மேனேஜர் என்பது சாதனம் உயிரோடு இருக்கிறதா, லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது. யார் அந்த லைனை நிரப்புகிறார்கள் என்று சொல்ல நெட்ஃப்ளோ அனலைசர். யார் எந்தக் கான்ஃபிக்கை (சாதன அமைப்பை) மாற்றினார்கள் என்று சொல்ல நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜர், சுருக்கமாக என்.சி.எம். ஃபயர்வால் லாகுக்கு ஃபயர்வால் அனலைசர், ஐ.பி. முகவரிக்கும் ஸ்விட்ச் போர்ட்டுக்கும் ஓப்யூட்டில்ஸ். இவற்றைத் தனித்தனி மென்பொருளாக வாங்கலாம், ஓப்மேனேஜருக்கு ஆட்-ஆனாகச் சேர்க்கலாம், அல்லது எல்லாம் சேர்ந்த ஓப்மேனேஜர் பிளஸ் பண்டிலாக எடுக்கலாம். டீலர் பண்டிலையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் 30 நாள் ட்ரையலில் பிளஸ் முழுவதையும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் செய்த வேலை எண்ணியது. எங்களிடம் 163 சாதனங்கள்: 62 ஸ்விட்ச், 71 அக்சஸ் பாயின்ட், 5 ஃபயர்வால், 9 சர்வர், 16 கேமரா ரெக்கார்டரும் யு.பி.எஸ்-உம். ஓப்மேனேஜர் சாதனக் கணக்கில் விற்கிறது. ஒரு ஸ்விட்சில் 48 போர்ட் இருந்தாலும் அது ஒன்றுதான், எனவே அதற்கு 163 வேண்டும். ஆனால் நெட்ஃப்ளோ அனலைசர் இன்டர்ஃபேஸ் கணக்கு, அதாவது சாதனத்தில் லைன் சேரும் முனைகளின் கணக்கு. எங்கள் ஸ்விட்சுகள் லேயர் 2 என்ற அடிப்படை வகைச் சாமான்கள், ஃப்ளோ (யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பதிவு) அனுப்பவே அனுப்பாது. ஃபயர்வாலின் இணைய லைன்கள் மட்டும்தான் அனுப்பும், இடத்துக்கு 2 வீதம் மொத்தம் 8. என்.சி.எம். மறுபடியும் சாதனக் கணக்கு, ஆனால் எஸ்.எஸ்.எச். என்ற கட்டளை இணைப்பு வழியாக உள்ளே போய் கான்ஃபிக்கை எடுக்கக்கூடியவை மட்டுமே அதற்குப் பயன்படும். எங்கள் 62 ஸ்விட்சில் 24 பிரவுசரில் மட்டும் திறக்கும் விலை குறைந்த ஸ்மார்ட் ஸ்விட்ச். மிச்சம் 38, ஃபயர்வாலோடு 43.

163, 8, 43. இந்த மூன்று எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வாங்கப் போகும் யாரும் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். செய்யாமல் டீலரிடம் "163 சாதனம்" என்று மட்டும் சொன்னால், எல்லா மாட்யூலுக்கும் 163 போட்டு ஒரு கொட்டேஷன் வந்து நிற்கும். எனக்கு அப்படித்தான் வந்தது.

மற்ற கம்பெனிகளின் கணக்கு முறையையும் பார்த்தேன். பி.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருளில் மாட்யூல் பிரிவினையே இல்லை, ஃப்ளோ உட்பட எல்லாம் உள்ளேயே இருக்கும், எண்ணுவது சென்சாரை, அதாவது கண்காணிக்கும் ஒவ்வொரு அளவையும். 100 சென்சார் வரை இலவசம். சிறிய அலுவலகத்துக்கு அது போதும், ஆனால் ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு சென்சாராக எண்ணினால் எங்கள் ஸ்விட்சுகளே ஆயிரக்கணக்கில் கேட்கும். சோலார்விண்ட்ஸில் கண்காணிப்புக்கு என்.பி.எம்., ஃப்ளோவுக்கு என்.டி.ஏ., கான்ஃபிக்குக்கு அவர்களுடைய என்.சி.எம். என்று தனித்தனி மாட்யூல்கள் இருந்தன. அங்கே என்.டி.ஏ. லைசென்ஸ், என்.பி.எம். லைசென்ஸின் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது நான் பார்த்தபோது விதியாக இருந்தது. 8 இன்டர்ஃபேஸ் மட்டும் பார்க்கும் என்னைப் போன்றவருக்கு அது ஒத்துவரவில்லை.

ட்ரையலின் 17ஆம் நாள் காலை 6 மணி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உடுமலை யூனிட்டிலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "சார், ஷிஃப்ட் என்ட்ரி போட முடியலைங்க, சுத்திக்கிட்டே இருக்குதுங்க." ஓப்மேனேஜரில் அந்த யூனிட்டின் 50 எம்.பி. லைன் 48இல் நின்றது. இது ஜாபிக்ஸிலும் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் இதற்குப் பிறகு நான் இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிய ஃப்ளோ கலெக்டரைத் திறந்து, இரண்டின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் 7 நிமிட வித்தியாசம் இருந்ததைக் கண்டுபிடித்ததே ஒரு வருடம் கழித்துத்தான். இங்கே லைன் வரைபடத்திலிருந்து அதே திரையில் ஃப்ளோவுக்குப் போனேன். உடுமலை கேமரா ரெக்கார்டர் தலைமை அலுவலகத்துக்கு வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த ரெக்கார்டருக்கு 10 எம்.பி.க்கு மேல் போகாதபடி ஃபயர்வாலில் நானே கட்டுப்பாடு போட்டிருந்தேன். எங்கே போனது அது? என்.சி.எம். பக்கத்தைத் திறந்தேன். முந்தாநாள் மாலை கான்ஃபிக் மாறியிருந்தது. பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக, நீக்கப்பட்ட வரிகள் தனி நிறத்தில். தம்பியைக் கேட்டேன். "கேமரா வேகமா வருதான்னு பார்க்கத்தான் எடுத்தேனுங்கண்ணா, திரும்பப் போட மறந்துட்டேன்" என்றான். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வரிகளைத் திரும்பப் போட்டோம், 6:25க்கு என்ட்ரி ஓடத் தொடங்கியது.

ஒரே திரை என்பதற்கு நான் மதிப்புக் கொடுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஆனால் அந்தக் காலையில் நான் தொட்டது மூன்று மாட்யூல்களை. ஐந்தை அல்ல.

ஃப்ளோ பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல சாதனங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளோவை 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும்படி இருக்கும். வீடியோ நகல் போன்ற நீண்ட இணைப்பு அதுவரை திரையில் வராது, லைன் நிரம்பியிருக்கும்போது ஃப்ளோ காலியாகக் காட்டும். நான் முதல் வாரமே அதை 1 நிமிடமாகக் குறைத்து வைத்ததால்தான் உடுமலையில் உடனே தெரிந்தது. எந்த மென்பொருள் வாங்கினாலும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

முழு பண்டிலை நான் எடுக்கவில்லை. ஓப்மேனேஜர் 163 சாதனத்துக்கு, அதற்கு ஆட்-ஆனாக நெட்ஃப்ளோ 8 இன்டர்ஃபேஸுக்கு, என்.சி.எம். 43 சாதனத்துக்கு என்று எடுத்தேன். ஃபயர்வால் லாகுக்கு எங்கள் ஃபயர்வால் கம்பெனியின் அறிக்கைச் சந்தா ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது முறை பணம் கொடுக்க மனம் வரவில்லை. அந்தச் சந்தா இல்லாமல் நான்கைந்து ஃபயர்வால் வைத்திருப்பவர்கள், மேல்நிலை ஸ்விட்சுகள் நிறைய வைத்திருப்பவர்கள் பிளஸ் எடுத்தால் கணக்கு அவர்களுக்குச் சாதகமாகவே வரும்.

ஆனால் தனித்தனி மென்பொருளாக, தனித்தனி சர்வரில் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி மூன்று வாங்கியிருந்தோம், மூன்றுக்கும் மூன்று புதுப்பிப்புத் தேதி. டீலர் ஒன்றை நினைவுபடுத்தாமல் விட்டுவிட, சப்போர்ட் இல்லாமல் இரண்டு மாதம் தவித்தோம். இப்போது கொட்டேஷனிலேயே எல்லா லைசென்ஸும் ஒரே நாளில் முடியும்படி எழுதி வாங்கினேன். கேட்டால் செய்து தருகிறார்கள். ஆட்-ஆனின் வசதி இதுதான்: ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரே பயனர் பட்டியல், தம்பிக்கு ஒரே லாகின்.

ஒன்றாகச் சேர்ப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அந்த ஒரு சர்வரில் எல்லா ஃபயர்வால், ஸ்விட்சின் பாஸ்வேர்டும் உட்கார்ந்திருக்கிறது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸின் ஓரியன் கண்காணிப்பு மென்பொருள் அப்டேட்டுக்குள் திருடர்கள் புகுந்த செய்தி வெளியானதிலிருந்து கண்காணிப்பு சர்வரைச் சாதாரண சர்வராக நான் நினைப்பதில்லை. அதைத் தனி வி.லேனில் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில்) வைத்திருக்கிறோம், எங்கள் இருவர் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கிருந்தும் திறக்காது, கண்காணிப்பு, பாஸ்வேர்டும் மறையாக்கமும் வைக்கக்கூடிய எஸ்.என்.எம்.பி. பதிப்பு 3இல்தான் நடக்கிறது. வெறும் கண்காணிப்புக்குப் படிக்கும் உரிமை போதும். என்.சி.எம். சேர்த்த பிறகு எழுதும் உரிமையும் உள்ளே போகிறது, பண்டில் வாங்குபவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும். பழைய ஜாபிக்ஸை நிறுத்தவில்லை. அது இப்போது ஓப்மேனேஜர் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

விட்டதில் எனக்கு மனம் கேட்காதது ஓப்யூட்டில்ஸ் ஒன்றுதான். பல்லடத்தில் ஒரு ஐ.பி. இரண்டு இடத்தில் மோதியபோது, எந்த ஸ்விட்சின் எந்த போர்ட்டில் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ட்ரையலில் நொடியில் காட்டியது. இப்போது தம்பி ஒவ்வொரு ஸ்விட்சாக லாகின் செய்து மேக் முகவரியை (கம்ப்யூட்டரின் வன்பொருள் எண்ணை) தேடுகிறான். புதுப்பிப்பு மார்ச்சில் வருகிறது, அதை மட்டும் ஆட்-ஆனாகச் சேர்க்கச் சொல்லி இப்போதே மேலே எழுதியிருக்கிறேன்.