வினைலா, டிரான்ஸ்பர் பேப்பரா, டிடிஎஃப்பா? குன்னூர் வீட்டில் மூன்று வரையாடுகள்

அக்கா மகனுக்கு டி-சர்ட்டில் வரையாடு வேண்டுமாம். "சித்தி, கொம்பு மட்டும் நல்லா வளைஞ்சிருக்கணும்" என்று உத்தரவு. வீட்டில் இருப்பது சாதாரண இஸ்திரிப் பெட்டி. படத்தைச் சூட்டோடு துணியில் அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரம் கிடையாது. சரி என்று மூன்று பருத்தி டி-சர்ட் வாங்கி, ஒரே ஆட்டை மூன்று விதமாக ஒட்டிப் பார்த்தேன்.

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன். இன்க்ஜெட் டிரான்ஸ்பர் பேப்பர், அதாவது படத்தை அச்சிட்டு, சூட்டால் துணிக்கு மாற்றும் தாள். செலவு குறைவு, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். இன்க்ஜெட் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால் வெளிர் துணிக்கு ஒரு பேப்பர், அடர் நிறத்துக்கு வேறு பேப்பர். முன்னதில் படத்தை இடவலம் திருப்பி அச்சிட வேண்டும், பின்னதில் திருப்பக் கூடாது. படத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டாவிட்டால் ஆட்டைச் சுற்றி அப்பளம் ஒட்டியதுபோல் ஒரு படலம் நிற்கும். நாலாவது சலவையில் முதுகில் விரிசல். ஒருநாள் கூத்துக்கு, பிறந்தநாள் பார்ட்டிக்கு, இது போதும்.

அடுத்தது வினைல். ஸ்டிக்கர் கடையில் வண்டிக்கு ஒட்டும் வினைல் இல்லை, சூட்டில் ஒட்டும்படி துணிக்கென்று தனியாக விற்கும் நிறத் தாள். அதில் படத்தை இடவலம் திருப்பி வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் நோண்டி எடுக்க வேண்டும். கொம்பு அழகாக வந்தது. பிடரி மயிருக்குத்தான் அரை மணி நேரம் ஆனது. 150, 160 டிகிரி சூட்டில் 10 முதல் 15 விநாடி அழுத்தச் சொல்வது ஹீட் பிரஸ்ஸுக்கான கணக்கு. இஸ்திரிப் பெட்டியில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது, அதனால் இடம் இடமாக வைத்து, கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் படம் நகர்ந்துவிடும். நீராவிப் பெட்டி என்றால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடியில் ஓட்டை இருக்கும் இடத்தில் சூடு படாது என்பதால், இரண்டாம் முறை பெட்டியைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

எனக்குக் காலை வாரியது நம்ம ஊர்க் குளிர். சமையல் மேடைக் கிரானைட் மேல் வைத்துத்தான் அழுத்தினேன். கல் சூட்டைக் குடித்துவிட்டது, பின்னங்கால் ஒட்டவே இல்லை. மரப்பலகைக்கு மாறியதும் சரியானது. மெத்தென்ற இஸ்திரி மேசையும் உதவாது, அழுத்தத்தைத் தின்றுவிடும். இன்னொன்று, பனிமூட்ட நாளில் பீரோவிலிருந்து எடுத்த துணி காய்ந்ததுபோல்தான் தெரியும். வெறும் துணியைத் தேய்த்தபோது லேசாக ஆவி எழுந்தது. அந்த ஈரத்தை முதலில் ஓட்டாமல் எதை ஒட்டினாலும் வீண்.

மூன்றாவது டிடிஎஃப், அதாவது பிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் 'டைரக்ட் டு பிலிம்' முறை. படத்தைக் கொடுத்தால் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பிலிமில் அச்சிட்டு கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். நிறங்களின் பின்னால் வெள்ளை மை, அதன்மேல் உருகும் பசைத்தூள். அதனால் கறுப்புத் துணியிலும் நிறம் மங்காது. நோண்டும் வேலையும் இல்லை. நான் வாங்கியது முழுக்க ஆறிய பிறகு உரிக்கும் ரகம். அவசரப்பட்டுச் சூட்டோடு உரித்தேன், பிடரி மயிர் நுனி பிலிமோடு போய்விட்டது. உரித்தபின் பட்டர் பேப்பர் போட்டு மறுபடி ஒருமுறை அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். படம் பெரிதானால் மார்பில் பிளாஸ்திரி போட்டதுபோல் காற்றுப் புகாது. குன்னூரில் அது குறையே இல்லை. மே மாதம் மேட்டுப்பாளையம் இறங்கினால் தெரியும்.

சப்ளிமேஷனை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதில் சூடு பட்டதும் சாயம் இழைக்குள்ளேயே இறங்குவதால் விரிசல் விடாது, உரியாது. ஆனால் பாலியெஸ்டர் வேண்டும், அதுவும் வெளிர் நிறம். கிட்டத்தட்ட 200 டிகிரி, ஒரு நிமிடம். இஸ்திரிப் பெட்டிக்கு அது ஆகாது. அப்புறம், நைலான் ஜெர்கினில் பருத்திச் சூட்டோடு பெட்டியை வைத்துவிடாதீர்கள், துணியே சுருங்கிவிடும்.

பெயர், எண், நிழலுரு என்றால் நான் வினைல் பக்கம். பல நிறம் என்றால் டிடிஎஃப். 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது டி-சர்ட் கேட்டு வருவார்கள், அத்தனை பூவையும் ஊசியால் நோண்ட என்னால் ஆகாது.

எதை ஒட்டினாலும் ஒரு நாள் கழித்து, உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். மழைக்காலத்தில் காயவில்லையே என்று ஹீட்டர் முன்னால் மட்டும் தொங்கவிடாதீர்கள். வினைல் ஆட்டின் ஒரு கொம்பு இப்போது லேசாக நிமிர்ந்து நிற்பது அதனால்தான்.