"ஒரிஜினல் டயல்" என்று விற்கப்படும் பழைய சீக்கோ 5: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ஜப்பானின் சீக்கோ கம்பெனி செய்த பழைய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்க இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில் நீலம் என்று பளபளக்கும் டயல், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் விலை, "1970களின் வாட்ச், ஒரிஜினல் டயல், ஃபுல் சர்வீஸ் செய்தது" என்று ஒரு வரி. இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் வாங்கியது 7009ஏ மெஷின் உள்ள ஒரு சீக்கோ 5. விலை 4,800 ரூபாய், கூரியர் தனி. விற்றவர் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்து பக்கம் நடத்துபவர், நிறைய ஃபாலோயர்கள், நிறைய "சோல்ட் அவுட்" பதிவுகள். பணம் அனுப்பும் முன்பே மூன்று படம் கேட்டேன்: டயலின் அடி ஓரம் நெருக்கமாக, பின்மூடியில் உள்ள எண், மூடி கழற்றிய நிலையில் மெஷின். மூன்றும் உடனே வந்தன, மூன்றும் சுத்தமாக இருந்தன. பின்மூடியில் 7009 என்றுதான் எண் தொடங்கியது. "சார், நூறு சதவீதம் ஒரிஜினல் டயல், ரீபெயின்ட் கிடையாது" என்று வாய்ஸ் மெசேஜும் வந்தது, இன்னும் என் போனில் இருக்கிறது.

பார்சலில் வந்தது வேறு வாட்ச். டயல் நிறம் ஒன்றுதான், ஆனால் பின்மூடியைத் திருப்பினால் 6119 என்று எண் தொடங்குகிறது. சீக்கோ பின்மூடியில் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷினின் எண், கோடு போட்டு அடுத்த நான்கு இலக்கம் கேஸின் எண். 6119 என்பது 7009க்கு முந்தைய தலைமுறை, 21 ஜுவல் மெஷின் (ஜுவல் என்பது சக்கர முனைகள் தேயாமல் சுழல வைக்கும் சின்னக் கல்). 7009ஏ 17 ஜுவல். என் வாட்சின் டயலில் "21 ஜுவல்ஸ்" என்று அச்சடித்திருக்கிறது, மூடியைக் கழற்றினால் ரோட்டரில், அதாவது கை அசைவில் சுற்றும் அரைவட்டத் தகட்டில், 17 ஜுவல்ஸ் என்று பொறித்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெஷின் மட்டும்தான் 7009ஏ. அனுப்பிய படத்தில் இருந்த ரோட்டரின் குறுக்கே ஒரு நீளமான கீறல் இருந்தது. கைக்கு வந்ததில் அப்படி எதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்கு எல்லாம் அனுப்புவதற்கென்றே ஒரு நல்ல வாட்சைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஓட்டம் இன்னும் மோசம். ஒரு மணி நேரத்துக்குள் பல நிமிடம் முன்னால் ஓடியது. காந்தம் ஏறியிருக்குமோ என்று முதலில் டீமேக்னடைசரில் காட்டிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. ராத்திரி கழற்றி மேஜையில் வைத்தால் விடிவதற்குள் நின்றும் போனது. விற்றவரிடம் சொன்னதற்கு "சாவி கொடுத்துப் பாருங்கள் சார்" என்றார். அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. 7009ஏ மெஷினுக்கு கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது, கை அசைவில் ரோட்டர் சுற்றினால்தான் ஸ்பிரிங் ஏறும். மாதத்துக்கு எத்தனையோ சீக்கோ விற்கும் ஒருவருக்கு இது தெரியவில்லை.

திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐகிளாஸை மாட்டிக்கொண்டு பேசாமல் பார்த்தார், அப்புறம், "தம்பி, இதுல மூணு வாட்ச் இருக்கு" என்றார்.

"சர்வீஸ் பண்ணினதுன்னு சொன்னாங்கண்ணே."

"பெட்ரோல்ல முக்கி எடுத்திருக்காங்க. அவ்வளவுதான்."

ஃபுல் சர்வீஸ் என்றால் மெஷினைக் கடைசித் திருகுவரை பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, ஜுவல் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்து, பூட்டும்போது இடத்துக்கேற்ற எண்ணெய் வைப்பது. வேகமாகச் சுற்றும் சக்கரங்களின் முனைக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுற்றும் இடங்களுக்கு கெட்டியான வேறு எண்ணெய், அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவுதான். என் வாட்சில் பிரிக்காமலே கழுவியிருந்ததால் ஜுவல்களின் அடியில் பழைய எண்ணெய் பழுப்பாகக் காய்ந்து அப்படியே கிடந்தது. அதன் மேல் புது எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தார்கள். அது வழிந்து, பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சுருள் ஒட்டினால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும், பேலன்ஸ் வீல் வேகமாக அடிக்கும், வாட்ச் தாறுமாறாக முன்னால் ஓடும். பின்மூடியில் ரப்பர் வாஷரே இல்லை. வேறு வாட்சின் மூடி என்பதால் மரை முழுதாக இறங்கவும் இல்லை. தண்ணீர் புகாத வாட்ச் என்ற பெயரோடு வந்த சீக்கோ 5ல் கை கழுவினாலே தண்ணீர் இறங்கும் நிலை.

டயலைக் கழற்றியபோது எனக்கு வயிறு எரிந்தது. டயலின் பின்பக்கம் இரண்டு சிறு கால்கள் இருக்கும், அவைதான் மெஷினில் பொருந்தி அதைப் பிடித்து வைப்பவை. அவற்றை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் பசை ஒழுகி தேதிச் சக்கரத்தின் ஒரு பல்லில் படிந்திருந்தது, தேதி மாறும் நேரத்தில் சக்கரம் சிக்கிப் பாதியில் நின்றதற்குக் காரணம் அந்தப் பசைதான். டயலின் ஓரத்தில் பெயின்ட் கொஞ்சம் பெயர்ந்த இடத்தில் அடியில் பழைய வெள்ளி நிறம் தெரிந்தது. சூரியக் கதிர் மாதிரி நடுவிலிருந்து விரியும் அந்த மெல்லிய கோடுகள் தொழிற்சாலையில் போட்டவை. அதைச் சுரண்டி, மேலே ஆரஞ்சு பூசி, லோகோவைக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த வகை வாட்சுகளுக்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் எத்தனையோ நேர்மையான மெக்கானிக்குகள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து இந்தப் பெயர். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை. கறையோடு, லேசாக மங்கி இருந்திருந்தாலும் அது ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்த டயல். சுரண்டிய டயலைத் திரும்பக் கொண்டுவர எந்த மெக்கானிக்காலும் முடியாது.

எச்எம்டியிலும் இதே வேலை நடக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. 2016ல் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்த செய்தி வந்ததும் ஜனதா, பைலட் மாதிரி சாவி கொடுக்கும் வாட்சுகளைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், கூடவே போலிகளும். ராணுவ முத்திரை பதித்த பைலட், யாரும் பார்த்திராத நிறத்தில் ஜனதா, "பழைய ஸ்டாக், கட்டாதது" என்று சொல்லிப் பளபளக்கும் புதுக் கேஸில் பழைய துருப்பிடித்த மெஷின் என்று எல்லாம் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாட்சை மாற்றி அமைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, நானே செய்கிறேன். என்எச்35 மெஷின் வாங்கி, பிடித்த கேஸ், பிடித்த டயல், பிடித்த முள் வைத்து ஒரு வாட்சை நம் கையாலேயே பூட்டி, பேலன்ஸ் வீல் முதல் தடவை ஆடுவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கும் தெரியும். புதுசாகச் செய்த டயலை "இது ஆஃப்டர்மார்க்கெட்", அதாவது கம்பெனி செய்தது இல்லை, என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம், ஆரஞ்சு டயல் பிடித்தவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். பழையதைச் சுரண்டிப் பூசிவிட்டு ஒரிஜினல் என்று சொல்வது திருட்டு.

விற்றவரிடம் மெக்கானிக் எடுத்த படங்களை அனுப்பினேன். முதலில் "வின்டேஜ் என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். வாய்ஸ் மெசேஜைத் திருப்பி அனுப்பியதும் "வாட்சைப் பிரித்துவிட்டீர்கள், இனி ரிட்டர்ன் கிடையாது" என்றார். அப்புறம் அந்தப் பழைய பதிவில் "ரீஃபினிஷ்ட்", அதாவது மறுபடி பூசியது, என்று ஒரு சொல் புதிதாக முளைத்தது. நல்லவேளை, வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டியும் பொருளே வராமல் ஏமாந்தவர்கள் உடனே 1930க்கு அழையுங்கள், அது இணையப் பண மோசடிக்கான எண், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. என்னுடையது அந்தக் கட்டத்துக்குப் போகுமா என்று இன்னும் முடிவாகவில்லை, விற்றவரின் முகவரியே கூரியர் கவரில் பாதிதான் இருக்கிறது.

இனி வாங்கப்போகிறவர்கள் படத்தை மட்டும் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாட்சுக்குப் பக்கத்தில் வைத்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக டயல், பின்மூடி, மூடி கழற்றிய மெஷின் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். சீக்கோ டயலின் அடி ஓரத்தில், ஆறு மணிக்கு இரு பக்கமும், பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். பூசிய டயல்களில் பெரும்பாலும் அது இருக்காது, இருந்தாலும் மை ஊறினது போலத் தடித்திருக்கும். அங்கே இருக்கும் எண்ணும் பின்மூடி எண்ணும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, கடைசி இலக்கங்கள் மாறலாம். ஆனால் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். ஜுவல் எண்ணிக்கை டயலிலும் ரோட்டரிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். சர்வீஸ் செய்தது என்று சொன்னால் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் படம் கேளுங்கள், முழுதாக ஸ்பிரிங் ஏறிய நிலையில் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடும் கோணம், 200 டிகிரிக்கும் கீழே இருந்தால் அந்த சர்வீஸை நம்ப வேண்டாம். அந்தக் கருவி இல்லை என்று சொல்லும் சின்ன வியாபாரிகளும் உண்டு, அது குற்றமில்லை, அப்படியென்றால் சர்வீஸ் செய்யாத வாட்சின் விலைதான் கொடுக்க வேண்டும். பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

பக்கத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் தொடங்க அவர்களுக்கு ஒரு மாலை நேரம் போதும். அதே ஆரஞ்சு டயலோடு அதே படங்கள் இப்போது இன்னொரு பக்கத்திலும் ஓடுகின்றன. விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் எத்தனை பேர் அதே வாட்சை "கடைசி பீஸ்" என்று விற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வாட்ச் இப்போது மெக்கானிக் அண்ணனிடம் இருக்கிறது. ஹேர்ஸ்பிரிங்கைக் கழுவி எடுத்துவிட்டார், மெஷின் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். இனி அதற்கு ஒரு டயலும் பின்மூடியும் வேண்டும். பூசாத ஒரிஜினல் 7009 டயல் உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை, கால்கள் இரண்டும் இருந்தால் போதும்.