மழைக்கு முன் புல்வெட்டி மெஷின்: டாங்க்கை நிரப்புவதா, காலி செய்வதா?

பெட்ரோல் புல்வெட்டி மெஷினோடு வரும் கையேட்டில், குளிர்காலத்துக்கு அதை எப்படி எடுத்து வைப்பது என்று ஒரு பகுதி இருக்கும். பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்காக எழுதியது அது. மாதவரத்திலும் மணலியிலும் நமக்குப் பனி ஏது? ஆனால் மெஷின் சும்மா கிடக்கும் காலம் நமக்கும் உண்டு. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தரை சேறாகிச் சக்கரம் புதையும், ஈரப்புல் பிளேடில் அப்பிக்கொள்ளும். நடுவில் புல் மண்டினால் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரை வைத்துச் சமாளித்துவிட்டு, தள்ளும் மெஷினைப் பொங்கல் சமயத்தில்தான் வெளியே எடுப்போம். அந்த மூன்று மாதத்தில்தான், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கெடுகிறது.

இதற்கு மூன்று வழி சொல்வார்கள். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து விடுவது ஒன்று. டாங்க்கை விளிம்பு வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி வைப்பது இன்னொன்று. ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டு வைப்பது மூன்றாவது.

வாரம் ஒரு ஸ்டார்ட் என்பது ஜெனரேட்டருக்குச் சரி. கரண்ட் போனால் அது உடனே ஓடியாக வேண்டும். லோடு கொடுத்துக் கால் மணி நேரம் ஓட்டினால் அதற்கு நல்லது. புல்வெட்டிக்கு அந்த அவசரம் இல்லை. ஷெட்டுக்குள் இரண்டு நிமிஷம் உறுமவிட்டு அணைத்தால் இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் நின்றுவிடும், உள்ளே சேர்ந்த ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். டாங்க்கில் இருக்கும் பெட்ரோலும் பழசாகிக்கொண்டேதான் இருக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். டாங்க்கை நிரப்பச் சொல்பவர்களின் நியாயம் எளிதானது: காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரம் படியாது, இரும்பு டாங்க் துருப்பிடிக்காது, ரப்பர் வாஷர்கள் காய்ந்து சுருங்காது. தப்பில்லை. ஆனால் இன்று நம் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். டாங்க் மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருப்பதால், நிரப்பினாலும் முழுக்க அடைத்துவிட முடியாது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். இன்ஜினுக்குப் போகும் குழாயும் டாங்க்கின் அடியில்தான் இருக்கிறது. ஸ்டெபிலைசர் பெட்ரோல் பிசினாவதைத் தள்ளிப்போடும். பிரிந்துபோன தண்ணீரைத் திரும்பச் சேர்க்காது. அதையும் புதுப் பெட்ரோலில் ஊற்றி, கார்புரேட்டர் வரை போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு வைத்தால்தான் பலன்.

இப்படிக் கிடந்த மெஷினின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். அடிக்கிண்ணத்தில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் பூத்திருக்கும், ஓரத்தில் மஞ்சள் பிசின். பெட்ரோல் போகும், ஊசி முனை போன்ற ஜெட் துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் தெரியாது. வாடை பெட்ரோல் மாதிரியே இருக்காது, பழைய வார்னிஷ் போல அடிக்கும்.

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். வட சென்னைக்கு என் ஓட்டு, காலி செய்வதற்கே. கூடவே வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நிறைந்த பெட்ரோல் டாங்க் மூன்று மாதம் கிடப்பதை என் மனசு ஒப்பவில்லை.

ஆனால் அரைகுறையாகக் காலி செய்தால் பிரயோஜனமில்லை. டாங்க்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டுவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போதும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தேங்கி நிற்கும். கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு டம்ளரில் அதையும் பிடித்துவிட வேண்டும். எண்ணெய் கலக்காத, கெடாத பெட்ரோல் என்றால் வடிகட்டி பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததைப் பார்த்த ஊர் இது.

இரும்பு டாங்க்காக இருந்தால் எதிர்த்தரப்பின் பயம் நியாயமானதே. காலி செய்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் டாங்க்குக்கு இந்த வேலையே இல்லை.

அப்புறம் ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றி, துளைக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக மூன்று நான்கு தடவை இழுங்கள். பிளக்கைத் திரும்ப மாட்டி, கயிறு இறுக்கமாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. பிளக் வயரை மாட்டாமலே வைத்தால் பிளேடைத் தைரியமாகத் தொடலாம். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல் பக்கம் இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஆயில் அதில் இறங்கிவிடும். அடியில் அப்பியிருக்கும் புல்லை மரக்குச்சியால் சுரண்டி, காய்ந்ததும் ஆயில் துணியால் துடைத்தால் போதும்.

எங்கே வைப்பது? தரைத்தள ஷெட்டா, மேலேயா என்றால் யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் தேங்கும் தெருவில் ஷெட் என்பது மெஷினை மூழ்கடிக்கும் இடம். முதல் மாடிப் படி திரும்பும் மூலையில், ஒரு பலகை மேல் வையுங்கள். மூடுவதற்குத் தார்ப்பாயைவிடப் பழைய வேட்டி மேல். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும்.

பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்தால் முடிந்தது. முழு சார்ஜிலோ, சுத்தமாக இறங்கிய நிலையிலோ வைக்காதீர்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் நிறுத்துவதாக இருந்தால் வடிக்கத் தேவையில்லை, அங்கே ஸ்டெபிலைசர் போதும். பொங்கல் வரைக்கும் என்றால் வடித்துவிடுங்கள். ஜனவரியில் புதுப் பெட்ரோல் அரை லிட்டர் ஊற்றி, ஆயில் அளவு பார்த்து, பிளக் வயரை மாட்டி, சோக் போட்டுக் கயிற்றை இழுங்கள். முதல் சில நிமிஷம் வெளுத்த நீலப் புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம்.