ஊர் விடுமுறையில் இடுப்புத்தளச் சிகிச்சை: முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் மூன்று நான்கு வாரங்களில் பல், கண், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கும் பெண்கள், இருமினால் சிறுநீர் கசிவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நாற்பதுகளில் மாதவிடாய் தாறுமாறாகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக் குறைகிறது. சிறுநீர்த்தாரையும் பிறப்புறுப்புச் சுவரும் மெலிந்து வறள்கின்றன. இடுப்பின் அடியில் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குவது இடுப்புத்தளத் தசை; பிரசவத்தில் தளர்ந்த அந்தத் தசையின் குறை பலருக்கு அப்போதுதான் வெளியே தெரியும். பேட் வைத்துக்கொண்டு சகித்துப்போக வேண்டியதில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலும் அறுவை இல்லாமலே.

இந்தத் தசைக்கான பயிற்சி பலன் தரக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். ஆகவே விடுமுறைக்குள் குணமாகிவிடும் என்று எண்ணாதீர்கள். சரியாகப் பரிசோதித்து, சரியாகக் கற்றுக்கொண்டு போவதற்குத்தான் இந்த வாரங்கள். முதல் சந்திப்பு முதல் வாரத்தில் இருந்தால், பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை போய்ப் பிழை திருத்திக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் போனால் கையில் ஒரு தாள்தான் மிஞ்சும்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரத்திலேயே மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதி வையுங்கள். போன நேரம், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, என்ன குடித்தீர்கள், எதைச் செய்தபோது கசிந்தது என்பவை போதும். பயண நாட்களில் எழுதினால் பயனில்லை. அடக்கி வைப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் கணக்கைக் கெடுத்துவிடும். சிறுநீர்ப்பை வசதியாக 300 முதல் 500 மில்லி தாங்கும். ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான் வருகிறது, ஆனால் அவசரம் தாங்கவில்லை என்றால், தசைப் பயிற்சியோடு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியும் வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும்.

முதலில் யூரின் டெஸ்ட், ஏனெனில் தொற்று இருந்தாலும் இதே தொல்லைதான். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, இந்தத் துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் உங்கள் சம்மதத்தோடு கையுறை அணிந்த விரலால் பிறப்புறுப்பின் உள்ளே பரிசோதித்து, தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். எத்தனை விநாடி பிடிக்கிறது, விட்டபின் முழுதாகத் தளர்கிறதா என்பதையும் குறிப்பார். துணைக்கு ஒரு பெண் உடனிருக்கக் கேட்கலாம்; வேண்டாம் என்று நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பரிசோதிக்காமல் கீகல் எனப்படும் இடுப்புத்தளப் பயிற்சித் தாளை மட்டும் நீட்டினால் ஏற்காதீர்கள். மேலே தூக்குவதாக நினைத்துக் கீழே முக்குகிறவர்கள் பலர். அது கர்ப்பப்பை இறக்கத்தை மோசமாக்கும். சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதில் இறுகிக் கிடக்கும். உடலுறவில் வலி, சிறுநீர் வரத் தாமதம், மலச்சிக்கல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்கள் சுருக்கிச் சுருக்கிப் பழகினால் வலிதான் கூடும். முதலில் ஆழ்ந்து மூச்சு விட்டுத் தளர்த்தக் கற்க வேண்டும்.

பலவீனமான தசைக்குரிய முறை இது: வாயுவை அடக்குவதுபோல் பின்புறம் தொடங்கி முன்பக்கம்வரை உள்ளிழுத்துத் தூக்குங்கள். 5 விநாடி பிடித்து, 10 விநாடி தளர்த்துங்கள். இப்படி எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு மெல்ல 10 விநாடிக்கு உயர்த்தலாம். மூச்சு நின்றாலோ, வயிறு புடைத்தாலோ, பிட்டம் இறுகினாலோ பிழை. சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகவே கூடாது, பை முழுதாகக் காலியாகாமல் போகும். இருமுவதற்கும் பெட்டி தூக்குவதற்கும் ஒரு கணம் முன்பு தசையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

வறட்சிக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ தந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு, அதைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பினுள் வைக்கும் வளையம், அதாவது பெசரி, பொருத்தினால் அங்கேயே நடந்து, குந்தி, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். சரியான அளவாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. தானே எடுத்து மாட்டக் கற்றுக்கொள்ளாமல் விமானம் ஏறாதீர்கள். அறுவைச் சிகிச்சையைக் குறுகிய விடுமுறையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வாரக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது, மறுபரிசோதனை வேண்டும், நீண்ட விமானப் பயணத்தில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து உதிரப்போக்கு, சிறுநீர் அடைப்பு, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் விடுமுறைக்காகக் காத்திராமல், இருக்கிற ஊரிலேயே உடனே மருத்துவரைப் பாருங்கள்.

திரும்பும்போது தசை மதிப்பெண், பிடித்த விநாடி, பையில் மிஞ்சிய மில்லி, வளையத்தின் வகையும் அளவும், மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூன்று மாதம் கழித்து நீங்கள் வசிக்கும் ஊரில் மறுபடி பரிசோதிக்கும்போது, இந்த எண்களோடு ஒப்பிட்டால்தான் முன்னேற்றம் தெரியும்.