மாஸ்டான் 2: எஃகு ஃபிரேமின் சரிவுச் சுமை பார்க்க ஒரு இலவச மென்பொருள்

மாஸ்டான் 2, பக்னெல் பல்கலையின் ரொனால்ட் சீமியனும் கார்னெலின் வில்லியம் மெக்குவயரும் உருவாக்கியது. இலவசம், மாட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளை வாங்காமலும் ஓடும். முகப்பு பழைய பாணியில்தான் இருக்கிறது, ஆனால் எந்தச் சுமையில் எந்த மூட்டில் பிளாஸ்டிக் ஹிஞ்ச் (எஃகு தாங்கும் எல்லையைத் தொட்டு, கீல்போலத் திரும்பும் இடம்) விழுகிறது என்பதைப் படத்திலேயே வரிசையாகக் காட்டிவிடும்.

முதலில் கையால் போட்ட கணக்கோடு உரசிப் பாருங்கள். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், அடி இறுகப் பிணைத்த போர்ட்டல் ஃபிரேம் (இரு தூண், மேலே ஒரு பீம்). பீமும் தூணும் ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. உயர ஐ-வடிவ எஃகு). பிளாஸ்டிக் மாடுலஸ் (வெட்டுமுகத்தின் வடிவைப் பொறுத்த எண்) 651.7 கன செ.மீ., ஈல்டு (எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 250 மெகாபாஸ்கல் என்றால், இரண்டின் பெருக்கலான பிளாஸ்டிக் மொமென்ட், அதாவது வெட்டுமுகம் தாங்கும் உச்ச வளைவு, 163 கிலோநியூட்டன் மீட்டர். பீம் நடுவில் 100, மேல் மூலையில் கிடையாக 50 கிலோநியூட்டன் கொடுத்தால் பீம் மட்டும் சரிய 2.17 மடங்கு, பக்கவாட்டில் சாய 3.26, இரண்டும் சேர்ந்து சரிய 1.96 மடங்கு தேவை. இவற்றில் சிறியதுதான் முதலில் நிகழும், ஆகவே 1.96-தான் விடை.

மென்பொருள் இதைவிட ஓரிரு விழுக்காடு குறைவாகத்தான் காட்டும். தூணின் அச்சு விசை மொமென்ட் தாங்குதிறனைக் குறைப்பதை அது ஈல்டு பரப்பில் (அச்சு விசையும் மொமென்டும் சேர்ந்த தாங்கும் எல்லை) சேர்த்துக்கொள்கிறது. செகண்ட் ஆர்டர் (ஃபிரேம் சாய்வதால் கூடும் மொமென்டையும் சேர்க்கும் கணக்கு) தேர்ந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். 2.17 வந்தால் கிடைச் சுமை சேரவில்லை, அல்லது மேல் மூலையில் தவறுதலாக ஒரு சப்போர்ட் இருக்கிறது. ஹிஞ்சே விழவில்லையா? ஈல்டு மதிப்பையும் பிளாஸ்டிக் மாடுலஸையும் நிரப்பினீர்களா என்று பாருங்கள். அலகுகளை அது சரிபார்க்காது. கிலோநியூட்டன், மீட்டரில் போனால் ஈல்டு 2.5 லட்சம், மாடுலஸ் 0.0006517.

பலர் சறுக்குவது இங்கேதான்: உச்சச் சுமை விகிதத்தை (கொடுத்த சுமையின் எத்தனை மடங்கு வரை ஏற்றுவது என்பதை) 1 என்று வைத்தால் ஃபிரேம் திடமாக நிற்கும்போதே ஓட்டம் 1-இல் முடிந்துவிடும். படி எண்ணிக்கை தீர்ந்து நிற்பதும் சரிவு அல்ல. விகிதத்தை 5-க்கு ஏற்றி, படிகளையும் தாராளமாகக் கொடுங்கள். எளிய படி முறையில் சமன்பிழை (சுமைக்கும் உள்விசைக்கும் இடையே விழும் வித்தியாசம்) திருத்தப்படுவதில்லை. பெரிய படி வைத்தால் செகண்ட் ஆர்டரில் சுமை கூடுதலாகவே வரும். படி அளவு 0.1-இலும் 0.01-இலும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும்.

ஹிஞ்ச் உறுப்பின் முனையில் மட்டுமே விழும். பரவிய சுமை உள்ள பீமை 8 துண்டாகவாவது வெட்டாவிட்டால், உண்மையில் ஹிஞ்ச் விழவேண்டிய இடம் தவறிப்போய் சுமை மிகையாக வரும். தூணுக்கு 4 துண்டு.

கான்கிரீட் ஃபிரேமுக்கு இது வேண்டாம். விரிசலும் கம்பி ஈல்டும் இதில் இல்லை. அவற்றுக்கு ஓபன்சீஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டும்.